பொரிப்பகக் குஞ்சுகளைக் கடலில் விட்டால் மீன்வளம் திரும்புமா?

அலைவரிசை:
ஒரு பெரிய காட் மீன் ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடுமாம். அப்படியென்றால் பத்துப் பதினைந்து தாய் மீனைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரித்துக் கடலில் விட்டால், பிடித்துத் தீர்த்த இனம் மீண்டுவிடாதா? எதற்கு வருடக்கணக்கில் மீன்பிடிப்பை நிறுத்துகிறார்கள்?

செவிக்கல்:
கடல்மீன் பொரிப்பகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். முதல் வருடம் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

நார்வேயில் 1880களிலேயே இதை ஆரம்பித்துவிட்டார்கள். மஞ்சள் கரு வற்றாத காட் குஞ்சுகளை 1971 வரை விட்டுப் பார்த்தார்கள். அதனால் மீன் கூடியது என்று யாராலும் காட்ட முடியவில்லை. முட்டைக்குக் கடலில் என்றுமே பஞ்சமில்லை. பட்டினி, நீரோட்டம், தின்ன வரும் வாய்கள், இத்தனையும் தாண்டித் தேறுவதுதான் பாடு.

சரி, கொஞ்சம் வளர்த்து விடலாமே என்பீர்கள். அதையும் செய்தோம். தொட்டி மேல் என் கையின் நிழல் விழுந்தால் போதும், குஞ்சுகள் மொத்தமாக மேலே வந்து வாயைப் பிளக்கும். நிழல் என்றால் அவற்றுக்கு இரை. கடலில் மேலேயிருந்து விழும் நிழல் பறவையுடையது!

விடுவதற்கு முன் அலிசரின் சாயக் கரைசலில் வைத்தெடுப்போம். சாயம் மீனின் செவிக்கல்லில் ஏறி, ஆயுசுக்கும் நிற்கும். பிற்பாடு வலையில் வரும் மீனின் தலையைத் திறந்து, கல்லை எடுத்துத் தேய்த்து, ஒளிர் நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்பு வளையம் தெரியும். தெரிந்தால் நம் மீன். ஒரு பருவம் முழுக்கக் கழுத்து வலிக்கப் பார்த்தேன். வளையம் இருந்த கற்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அப்புறம், பத்துப் பதினைந்து தாய் என்றால் வரும் குஞ்செல்லாம் அண்ணன் தம்பிதான். மரபணு வளம் சுருங்கிவிடும்.

அலைவரிசை:
நிறுத்தினால் மட்டும் திரும்புகிறதா? கனடா 1992இல் இரண்டே வருடம் என்று சொல்லித்தானே காட் பிடிப்பைத் தடை செய்தது?

செவிக்கல்:
நியாயமான கேள்வி. அங்கே அடிமட்டத்துக்குப் போன பிறகு நிறுத்தினார்கள். வடக்கு காட், அதாவது நியூஃபவுண்ட்லாந்து பக்கத்துக் காட் கூட்டம், அதன் மீதான அந்தத் தடை 2024இல்தான் நீங்கியது. அதுவும் பழைய செழிப்பு திரும்பிவிட்டதால் அல்ல.

கரீபியனில் லிட்டில் கேமன் தீவைப் பாருங்கள். நசாவு களவா குளிர்கால முழுநிலவையொட்டி ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். 2001இல் அந்த இடம் மீனவர்கள் கண்ணில் பட்டது. சுமார் 7,000 மீன்களில் பாதிக்கு மேல் இரண்டே பருவத்தில் போயின. 2003இல் அங்கே பிடிக்கத் தடை வந்தது. ஆனாலும் 2009 வாக்கில் ஏறக்குறைய 1,200தான். 'தடையால் என்ன பயன்' என்று கேட்கத் தோன்றும் கட்டம் அது. தடையைத் தளர்த்தவில்லை. 2018இல் மறுபடி 7,000ஐத் தாண்டியது.

துடுப்பு:
அந்த வருடங்களில் படகுக்காரன் வயிற்றுக்கு என்ன வழி? கனடாத் தடையில் சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள்.

செவிக்கல்:
அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பாதி குறையும்போதே பிடிப்பைக் குறைத்தால் முழுத்தடை வரை போகாது. ஆனால் அப்போது யாரும் கேட்பதில்லை.

அலைவரிசை:
அந்தச் சிவப்பு வளையம் படம் இருந்தால் போடுங்களேன்.

செவிக்கல்:
பழைய கணினியில் கிடக்கிறது. தேடிப் போடுகிறேன்.