லூபஸ் கிட்னிக்கு இங்கே ஊசி, அங்கே மாத்திரை. ஏன்?

கரூர்க்காரன்:
தங்கைக்கு 24 வயது, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்). முகமும் காலும் வீங்கி, யூரினில் புரோட்டீன் போகிறதென்று பயாப்சி எடுத்தால் கிளாஸ் 4, அதாவது கிட்னியைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறதாம். அரசு மருத்துவமனையில் ஸ்டீராய்டோடு சைக்ளோபாஸ்பமைடு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகளுக்கும் இதே நோய்தான், அவளுக்கு மைக்கோபினோலேட் மாத்திரையும் பெலிமுமாப் என்ற புது மருந்தும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கேன்சர் மருந்தா என்று அம்மா அழுகிறார். காசில்லாதவனுக்கு ஒரு வைத்தியம், இருப்பவனுக்கு ஒன்றா?

மருந்துக்கடை 72:
காசும் ஒரு காரணம்தான், மறைக்க மாட்டேன். பெலிமுமாபுக்கு லூபஸ் கிட்னிக்கென்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2020 டிசம்பரில், விலையும் நமக்கு எட்டாது. அதற்காக ஊசியை மட்டம் என்று நினைக்காதீர்கள். 370 பேரை வைத்து 2009-இல் வெளிவந்த ஆல்ம்ஸ் ஆய்வில் ஆறு மாத முடிவில் மைக்கோபினோலேட்டும் இந்த ஊசியும் கிட்டத்தட்ட சமம். கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் இவர்களுக்கு மட்டும் மாத்திரை கூடுதலாகக் கேட்டது. இந்த ஊசியால் சினைப்பை கெட்டுக் குழந்தை இல்லாமல் போகும் பயம் பழைய பெரிய டோஸில்தான் அதிகம். உங்களுக்குச் சொல்வது ஐரோப்பிய முறை மாதிரி இருக்கிறது: தடவைக்கு 500 மில்லிகிராம், மொத்தமே 3 கிராம். எதற்கும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், மைக்கோபினோலேட்டும் கர்ப்பத்தில் ஆகாத மருந்துதான். ஊசி முடிந்தபின் வருடக்கணக்கில் மாத்திரை உண்டு, அதை "வீக்கம்தான் வடிந்துவிட்டதே" என்று நிறுத்திவிட்டு டயாலிசிஸில் போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாத்திரை:
அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, முடக்குவாதத்துக்கு நான் போடும் மெத்தோட்ரெக்சேட்டும் கேன்சர் மருந்துதான், டோஸ்தான் வேறு. வாரம் ஒரே ஒரு நாள்! தினமும் போட்டு உயிருக்குப் போராடியவர்கள் உண்டு. எனக்கு நடந்த அநியாயம் மருந்தில் இல்லை, அது கைக்கு வர ஆன காலத்தில். காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது, எங்கள் ஊரில் ரூமட்டாலஜி டாக்டர் கிடையாது, இரண்டு வருடம் வலி மாத்திரையிலேயே ஓடியது, விரல் கோணியபிறகுதான் மதுரைக்குப் போனேன். முடக்குவாதத்துக்கான விலை கூடிய ஊசி அடலிமுமாபின் நகல் மருந்து 2014-இலேயே நம் நாட்டில் வந்துவிட்டதாம். வந்து என்ன, மாதாமாதம் யார் போடுவது?

டெட்ராய்ட் மாமா:
இங்கே அமெரிக்காவிலும் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. முதலில் மலிவான மருந்தைப் போட்டுப் பார், கேட்காவிட்டால் வா என்று காப்பீட்டுக்காரர்கள் இழுத்தடிப்பது வழக்கம். லூபஸ் அதிகம் வருவதும் கிட்னியை மோசமாகத் தாக்குவதும் கறுப்பினப் பெண்களுக்கு. இதில் கொடுமை என்னவென்றால், ரத்தத்தில் தேங்கும் கிரியேட்டினின் என்ற கழிவை வைத்துக் கிட்னியின் வேலையைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு பெருக்கல் எண் இருந்தது, அதனால் பாழான கிட்னியும் காகிதத்தில் கொஞ்சம் நல்லதாகத் தெரியும், மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் ஏறத் தாமதமாகும். 2021-இல்தான் அந்த எண் இல்லாத சூத்திரம் வந்தது. அப்படிப் போன காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்த்துக் கொடுக்கும்படி, உறுப்பு மாற்றுப் பட்டியலை நடத்தும் அமைப்பு மருத்துவமனைகளுக்குச் சொன்னது 2023-இல்.

கரூர்க்காரன்:
கேட்டுவிட்டேன், 500-தானாம். அதற்குப்பிறகு எத்தனை வருடம் மாத்திரை என்றதற்கு, குறைந்தது மூன்று என்றார் டாக்டர். அந்த மாத்திரை இங்கேயே தருவார்களா என்று நாளை விசாரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது உங்கள் விரல் எப்படி இருக்கிறதென்று கேட்கிறார்.