பேடு மாற்றிய பிறகு பிரேக் பெடல் கீழே போகிறது, அவசரம்

தர்மபுரி டவுன்: நேற்று நானே பேடு மாற்றினேன். இப்போது மிதித்தால் பஞ்சு மாதிரி இறங்குகிறது, நாலு தடவை அடித்தால் கெட்டியாகிறது, கொஞ்சம் விட்டு மிதித்தால் பழைய கதைதான். நாளைக் காலை சேலம் போக வேண்டும், வழியில் தொப்பூர் இறக்கம் வேறு. உடனே சொல்லுங்கள்.

மாங்காய் மண்டி: என்ன வண்டி? முன்னாலா பின்னாலா? பிரேக் ஆயில் மட்டம் எங்கே நிற்கிறது? எங்காவது ஒழுகுகிறதா? இதெல்லாம் சொல்லாமல் என்னத்தைச் சொல்ல.

காவேரிப்பட்டணம் லாரி: பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்துமே, அந்த மாஸ்டர் சிலிண்டர் போச்சு. எனக்கும் இப்படித்தான் ஆனது, மாற்றிய பிறகுதான் சரியானது.

மாங்காய் மண்டி: முந்தாநாள் வரை நன்றாக இருந்தது பேடு மாற்றியதும் போய்விடுமா அண்ணே? அது போயிருந்தால் காலை வைத்து அழுத்தியபடியே இருக்கும்போது பெடல் மெல்ல இறங்கும். இவருக்கு அடித்தால் ஏறுகிறதே.

பழைய ஸ்பேனர்: வீடியோ பார்த்துப் பிரேக்கில் கை வைத்தால் இப்படித்தான் தம்பி. ஒன்றே ஒன்று கேட்கிறேன், பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தாயா?

தர்மபுரி டவுன்: ஆமாம் திறந்தேன். போன மாதம் மட்டம் குறைந்திருந்ததால் ஆயில் ஊற்றியிருந்தேன், பிஸ்டனைத் தள்ளினால் ஆயில் டப்பா வழிந்து பெயிண்ட்டை அரித்துவிடும் என்று பயந்து திறந்தேன். 2014 ஸ்விஃப்ட், முன் சக்கரம்.

பழைய ஸ்பேனர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், மட்டம் தானாகக் குறையும், அதற்குப் போய் ஆயில் ஊற்றியதுதான் ஆரம்பம். நிப்பிளை மூடும் முன் பிஸ்டன் பின்வாங்கி ஏர் இழுத்திருக்கும். நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கு. ஒருவர் மிதித்துப் பிடிக்கட்டும், நீ திற, ஆயில் வந்ததும் மூடு, மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும் வரை செய். டப்பா காலியாக விடாதே. வண்டியை அதுவரை எடுக்காதே.

மாங்காய் மண்டி: சீல் உடைக்காத டின் வாங்குங்கள். டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, திறந்து வைத்து ஈரம் உறிஞ்சியது 155லேயே கொதிக்கலாம், கொதித்தால் பெடல் மறுபடி இறங்கும். தொப்பூரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு சும்மா வரும். லாரிக்காரர்கள் நியூட்ரலில் இறக்கி...

காவேரிப்பட்டணம் லாரி: எல்லா லாரியையும் சேர்த்துப் பேசாதே. நான் இருபது வருஷமாகக் கியரில்தான் இறக்குகிறேன். கார்க்காரன்தான் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் பறக்கிறான்.

மாங்காய் மண்டி: அதுவும் தப்புக் கணக்கு அண்ணே. இப்போதைய வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டுக் கியரில் இறங்கினால் இன்ஜினுக்கு டீசலே போகாது, நியூட்ரலில்தான் குடிக்கும்.

காவேரிப்பட்டணம் லாரி: அதைப் போய் அவர்களிடம் சொல்.

தர்மபுரி டவுன்: ஏர் எடுத்தாச்சு. இடது பக்கம்தான் குமிழி குமிழியாக வந்தது. பெடல் இப்போது மேலேயே நிற்கிறது. நன்றி ஸ்பேனர் அண்ணே.

மாங்காய் மண்டி: சரி, எந்த ஆயில் ஊற்றினீர்கள்? அந்தப் போன மாத டின்னா?

மாங்காய் மண்டி: ஹலோ?