பெரிய வீடு குரூப்: வயலின் பாஸ்

கார்த்தி, 7:42
மாமா, ஒருவழியா சிக்கிடுச்சு. ஹோஃப்னர் 500/1, அதான் வயலின் மாதிரி இருக்கற பாஸ் கிட்டார், ஜெர்மனி எர்லாங்கன்ல ஒரு வீட்டுல. விக்கறவர் 1961னு போட்டிருக்கார். சனிக்கிழமை ட்ரெயின்ல போய்ப் பாக்கறேன். 6 போட்டோ மேல இருக்கு.

ராஜா மாமா, 7:50
3வது போட்டோவப் பெருசு பண்ணிப் பாருடா. ஒரு பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வ கரண்டா மாத்தற பாகம்) கழுத்துகிட்ட, இன்னொண்ணு பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்க தாங்கற கட்டை) பக்கமா தள்ளி நிக்குது. 61ல ரெண்டும் கழுத்துப் பக்கமா நெருங்கி இருக்கும். 62லேர்ந்துதான் தள்ளி வெச்சாங்க. அதனால இது 61 இல்ல. 61க்குன்னு ஏத்தின விலைய மொதல்ல இறக்கச் சொல்லு.

கார்த்தி, 7:53
அப்போ வேண்டாமா?

ராஜா மாமா, 7:54
வேண்டாம்னு யார் சொன்னா? 60கள் சாமான்தான். விலையத்தான் சொன்னேன்.

அம்மா, 8:05
திருட்டு சாமானா இருக்கப் போகுது. விசாரிச்சு வாங்கு.

நித்யா அக்கா, 8:11
அம்மா கேக்கறது நியாயம்தான். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கின பாஸ் இதே மாடல். 1972 அக்டோபர்ல லண்டன் நாட்டிங் ஹில்ல வேனுக்குள்ள இருந்து திருடு போச்சு. 51 வருஷம் கழிச்சு ஒரு வீட்டுப் பரண்ல கிடைச்சுது. 2024 பிப்ரவரில அறிவிச்சாங்க.

கார்த்தி, 8:13
அதேதான்னு எப்படி நிச்சயம் பண்ணினாங்க? இடது கைங்கறதாலயா?

நித்யா அக்கா, 8:19
இடது கை ஹோஃப்னர் வேறயும் இருக்கே. 1964ல அத மொத்தமா பாலிஷ் பண்ணி, ரெண்டு பிக்கப்பையும் ஒரே மரச்சட்டத்துல உக்கார வெச்சிருந்தாங்க. ஃபேக்டரில அப்படிப் பண்ண மாட்டாங்க. ரிப்பேர் தழும்புதான் அடையாளம். நீயும் பழைய ரசீது, விக்கறவர் அத வாசிக்கற பழைய போட்டோ ஏதாவது இருக்கான்னு கேளு. போட்டோவுல இருக்கற கீறலும் கைல இருக்கற கீறலும் ஒத்துப் போகணும்.

ராஜா மாமா, 8:26
சரி, கைல எடுத்ததும் என்ன பாக்கணும்னு சொல்றேன். ஒரு ஸ்டீல் ஸ்கேல், சின்ன டார்ச், பல் டாக்டர் வெச்சிருக்கற மாதிரி குட்டிக் கண்ணாடி எடுத்துட்டுப் போ.

இ ஸ்ட்ரிங்க (தடிச்சது) முதல் ஃப்ரெட்லயும் (கழுத்துல குறுக்கே இருக்கற உலோகக் கம்பி) கடைசி ஃப்ரெட்லயும் சேத்து அமுக்கு. நடுவுல 7, 8 ஃப்ரெட்கிட்ட ஒரு விசிட்டிங் கார்டு நுழையற இடைவெளி இருந்தா போதும். 1 மில்லிமீட்டர்னா கழுத்து வளைஞ்சிருக்கு. ட்ரஸ் ராட், அதான் கழுத்துக்குள்ள வளைவ சரிபண்ற கம்பி, இருக்கான்னு பாரு. இருந்தா கால் சுத்து திருப்பி, ஒரு நாள் விட்டுத்தான் மறுபடி தொடணும். அவர் வீட்ல வெச்சுத் திருப்பாதே, மரை இறுகியிருந்தா உடைஞ்சுடும்.

அடுத்தது 12வது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் எவ்ளோ உயரத்துல நிக்குதுன்னு அள. 2.5 மில்லிமீட்டர் வரைக்கும் சரி. 4 இருந்து, பிரிட்ஜும் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தா விட்டுட்டு வா. இது ஃபெண்டர் மாதிரி போல்ட் போட்ட கழுத்து இல்ல, ஒட்டின கழுத்து. பிரிச்சு மறுபடி ஒட்டணும்னா பாஸ் விலைல பாதி கூலிக்கே போகும்.

கார்த்தி, 8:31
மேல் பலகை?

ராஜா மாமா, 8:35
ஸ்ப்ரூஸ். உள்ளே வெத்துக்கூடு. பிரிட்ஜுக்குக் கீழ ஸ்கேல குறுக்கே வெச்சுப் பாரு, பலகை மேடாத்தான் இருக்கணும். பள்ளம் விழுந்திருந்தா யாரோ கனமான ஸ்ட்ரிங் போட்டு வருஷக்கணக்கா அப்படியே வெச்சிருக்காங்க. உள்ளே பிரேஸ் (பலகையத் தாங்கற கட்டை) விட்டிருக்கும், அதுக்குத்தான் கண்ணாடி.

நித்யா அக்கா, 8:44
ஓரத்துல வெள்ளைப் பட்டி ஓடுதே, அதுவும் பிக்கார்டும் (பலகை கீறாம இருக்க மேல போடற தகடு) செல்லுலாய்டு, பழைய காலத்து பிளாஸ்டிக். பழைய செல்லுலாய்டு அழுக ஆரம்பிச்சா அமில ஆவி விடும், பக்கத்துல இருக்கற உலோகத்த எல்லாம் தின்னுடும். கேஸைத் திறந்ததும் மூக்கை வை. கற்பூர வாசம்னா பயமில்ல, செல்லுலாய்டுல கற்பூரம் உண்டு. நெடி மூக்கைச் சுட்டா ஜாக்கிரதை.

அம்மா, 8:46
சாமி ரூம் வாசனை வந்தா வாங்கிடலாம்கறியா 😄

ராஜா மாமா, 8:52
எலக்ட்ரிக்குக்கு மீட்டர்லாம் வேண்டாம். ஆம்ப்ல சொருகி, ஸ்விட்ச்ச மாத்தி மாத்தி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒவ்வொரு பிக்கப்பையும் மெதுவாத் தட்டு. டொக்னு கேட்டா உயிரோட இருக்கு. எந்த ஸ்விட்ச்லயும் ஒண்ணு பேசலேன்னா காயில் போயிருக்கலாம், ஸ்விட்ச்சாவும் இருக்கலாம். கரகரன்னா அழுக்குதான், அதுக்குப் பேரம் பேசாதே.

நித்யா அக்கா, 8:58
ஸ்ட்ரிங் எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழட்டிடாதே. பிரிட்ஜ் ஒட்டினது இல்ல, ஸ்ட்ரிங் அழுத்தத்துல நிக்குது. ஸ்ட்ரிங் போனா அதுவும் விழும், சுருதி இடம் மாறிடும். ரெண்டு ஓரத்துலயும் மாஸ்கிங் டேப் அடையாளம் வை. பழைய பாலிஷ்னா டேப்ப அன்னிக்கே எடுத்துடு.

கார்த்தி, 9:03
புது ஸ்ட்ரிங் ஷார்ட் ஸ்கேல்தானே? 30 இன்ச்.

நித்யா அக்கா, 9:07
எல்லாரும் ஏமாறற இடம் இதுதான். நட்லேர்ந்து (கழுத்து நுனில ஸ்ட்ரிங் உக்கார்ற கட்டை) பிரிட்ஜ் வரைக்கும்தான் 30. ஸ்ட்ரிங் மாட்டறது அதுக்கும் பின்னாடி டெயில்பீஸ்ல. குண்டு முனைலேர்ந்து நட் வரைக்கும் டேப் வெச்சு அளந்துட்டு வாங்கு. சாதாரண ஷார்ட் ஸ்கேல் செட்ல மெலிஞ்ச பாகம் நட்டுக்கு முன்னாடியே வந்துடும். ஃப்ளாட்வவுண்ட்தான் (தட்டைக் கம்பி சுத்தின வழுவழு ஸ்ட்ரிங்) போடணும், சொல்லவே வேண்டாம்.

ராஜா மாமா, 9:15
ஊருக்குக் கொண்டு வர எண்ணம் இருந்தா ஃப்ரெட்போர்டு என்ன மரம்னு எழுதி வாங்கு. பிரேசில் ரோஸ்வுட்னா சைட்டிஸ் (அழியற உயிரினங்க வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியல், பேப்பர் இல்லாம பார்டர் தாண்டாது.

கார்த்தி, வெள்ளி 6:20
பிக்கார்டைக் கழட்டி போட்டோ அனுப்பியிருக்கார். ஸ்க்ரூவெல்லாம் பச்சை பூத்திருக்கு.

நித்யா அக்கா, 6:24
பிக்கார்டு அழுகுது. தனியா ஒரு டப்பால போட்டுத் தரச் சொல்லு, அதே கேஸுக்குள்ள வேண்டாம். ஓரப் பட்டில நகத்தால கீறிப் பாரு, உதிரலேன்னா வாங்கு.

ராஜா மாமா, 6:25
61னு சொன்ன விலைல இதையும் சேத்துக் கழி.