பெடல் மிதிச்சா, அது தொடாத கம்பியோட சுருதி இறங்குது, ஏன்?

பசுமலைக்காரன்:
சித்தப்பா விட்டுட்டுப் போன பெடல் ஸ்டீல் (காலால பெடல் மிதிச்சு கம்பியோட சுருதியை மாத்துற கிட்டார்), பத்துக் கம்பி, ஈ9ங்கிற சுருதி அமைப்பு. சும்மா மீட்டினா கச்சிதமா நிக்குது. ஏ, பி பெடல் ரெண்டையும் சேர்த்து மிதிச்சா 4, 8ஆம் கம்பி, அதாவது ஈ கம்பி ரெண்டும், சுருதி லேசா இறங்குது. அந்தப் பெடல் ரெண்டும் இந்தக் கம்பிகளைத் தொடுறதே இல்லையே! மாடி ரூம், மதிய வெயில் வேற.

திண்டுக்கல்_பூட்டு:
தம்பி, அதுக்குப் பேரு கேபினட் டிராப். 3, 5, 6, 10ஆம் கம்பிகளை இழுக்கும்போது பெட்டியே மயிரிழை வளையும், மத்ததெல்லாம் தளரும். எல்லாப் பெட்டியிலயும் கொஞ்சம் உண்டு. ஈ கம்பிகளைத் துளி ஏத்தி வை, பெடல் மிதிச்சாலும் மிதிக்காட்டியும் நடுவுல சமாளிச்சிரும். சேஞ்சருக்கு (பெடல் மிதிச்சா கம்பியை இழுக்குற பாகம்) தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்டுராத. நான் விட்டு, பிசுக்கைச் சுரண்ட ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு.

வீணைக்காரி:
வெயில்ல கம்பி நீளும், சுருதி இறங்கும். எங்க வீணைக்கும் அதே கதை, கூடவே மெட்டு பதிச்சிருக்குற மெழுகு இளகுற பயம். வாசிக்கப்போற இடத்துலயே அரை மணி நேரம் வச்சிட்டு அப்புறம் சுருதி சேருங்க.

திண்டுக்கல்_பூட்டு:
ஆமா. கம்பி மேல வச்சு நகர்த்துற இரும்புப் பாரை அழுத்தாத, அதோட எடையே போதும். நாதமும் தெளியும்.

பசுமலைக்காரன்:
அண்ணே, நான் அழுத்தத்தான் செஞ்சேன். எண்ணெய்... நல்லெண்ணெய் விட்டுட்டேன்.