சிஸ்டத்தில் இருக்கிறது, அலமாரியில் இல்லை

போன மாதம் நான்கு திருகு வாங்கப் போனேன். வீட்டில் புத்தக அலமாரியைச் சுவரோடு பிடித்திருந்த திருகுகளில் ஒன்று, பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அதையே ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும் போகும் பெரிய சங்கிலித்தொடர் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

விவரம் கேட்க ஒரு ஆளைத் தேடியே இருபது நிமிடம் போய்விட்டது. கடைசியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பிடித்தேன். திருகைக் காட்டினேன். அவன் அதைக் கையில் வாங்கவே இல்லை. கையில் இருந்த கருவியில் ஏதோ தட்டிவிட்டு, "சிஸ்டத்துல ஆறு பாக்கெட் இருக்கு சார்" என்றான். இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். கொக்கி காலி, விலைச்சீட்டு மட்டும் தொங்கியது. மறுபடி தட்டிப் பார்த்து, "இருக்குன்னுதான் சார் காட்டுது" என்றான். கோபப்பட மனம் வரவில்லை. சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம், மூன்று பிரிவுக்கு அவன் ஒருவனாம்.

இதே கடையில், இதே பிரிவில், எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் இருந்தார். காதில் பென்சில் செருகியிருப்பார். அந்த அலமாரியை முதன்முதலில் மாட்டும்போது அவரிடம்தான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "சுவர்ல ட்ரில் போட்டீங்களா? தூள் என்ன நிறத்துல வந்துச்சு?" என்று கேட்டார். சிவப்பு என்றேன். "அப்போ செங்கல். இந்தப் பிளக் நிக்காது, இதை விட நீளமா போடணும்" என்று, நான் எடுத்து வைத்திருந்த விலை கூடிய பாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, கீழ் வரிசையில் இருந்து சாதாரணமான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எட்டு வருடம் தாங்கியது.

அவர் எங்கே என்று பையனிடம் கேட்டேன். அப்படி ஒருவர் இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை. திருகை ஆன்லைனில் வரவழைத்தேன். மரை பொருந்தவில்லை, திருப்பி அனுப்பினேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். இது ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

* * *

சார், நான் இந்த மாதிரி ஒரு கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். பில் போட்டிருக்கிறேன், ஸ்டாக் பார்த்திருக்கிறேன், கடைசி மூன்று வருடம் சூப்பர்வைசர். அந்தப் பையன் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்த எண்தான் பொய்.

அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஒரே விலையில் மூன்று நிறத்தில் ஒரு பொருள் இருக்கும். வாடிக்கையாளர் மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்து வருவார். வரிசை நீளமாக இருக்கிறது, பில் போடுகிறவர் நீலத்தை மட்டும் ஸ்கேன் செய்து "3" என்று அடித்துவிடுவார். பணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கணக்கில் நீலம் மூன்று குறைந்துவிட்டது, சிவப்பும் பச்சையும் குறையவே இல்லை. இதோடு திருட்டு, உடைசல், யாரோ வேறு வரிசையில் வைத்துவிட்டுப் போனது, குடோனில் மேல் தட்டில் மறந்து கிடப்பது எல்லாம் சேரும். அலமாரி காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் "ஆறு இருக்கிறது" என்றே நம்பும். நம்புவதால் புதிதாக ஆர்டரும் போடாது. அந்தக் கொக்கி மாதக்கணக்கில் காலியாகவே தொங்கும். விற்பனை ரிப்போர்ட்டில் "இந்தப் பொருள் போகவில்லை" என்று வரும்!

நான் மிகைப்படுத்தவில்லை. அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அதில் 65% பதிவுகள் அலமாரியோடு ஒத்துப்போகவில்லை.

இதற்கு ஒரே மருந்து, ஒரு ஆள் நடந்து போய் எண்ணிப் பார்ப்பதுதான். முதலில் வெட்டப்படுவதும் அந்த ஆளின் நேரம்தான். எங்கள் கடையில் சம்பளச் செலவு விற்பனையில் இத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் இருந்து எண் வரும். விற்பனை இறங்கினால் அடுத்த வாரமே ஆள் நேரத்தைக் குறைப்பார்கள். ஆள் குறைந்தால் அலமாரி காலியாகும், அலமாரி காலியானால் விற்பனை இன்னும் இறங்கும், மறுபடியும் ஆள் குறைப்பு. மேலாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் சம்பளச் செலவு ரிப்போர்ட்டில் ஒரு வரியாக நிற்கிறது, ஆள் இல்லாததால் திரும்பிப் போன வாடிக்கையாளர் எந்த வரியிலும் வருவதில்லை.

எனக்கு ஷிஃப்ட் முந்தின நாள் இரவுதான் தெரியும். குழந்தையை எங்கே விடுவது என்று அப்புறம்தான் யோசிக்க வேண்டும். இரவு பதினொரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் வந்து சிரித்த முகத்தோடு "வாங்க" என்று சொல்ல வேண்டும். நிறைய பேர் சம்பளத்துக்காக விட்டுப் போகவில்லை, இதற்காகத்தான் போனார்கள். கேப் என்ற துணிக்கடை நிறுவனம் தன் கடைகள் சிலவற்றில் ஷிஃப்ட் நேரத்தை நிலையாக வைத்துப் பார்த்தது. 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி அந்தக் கடைகளில் விற்பனை 7% கூடியது. படித்தபோது எனக்கு அழுகை வந்தது. இதைத்தானே நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டோம்?

உங்கள் பெரியவர் எங்கே போயிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அனுபவம் கூடினால் சம்பளமும் கூடும். பட்டியலில் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெயர்தான்.

* * *

என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கை லேசாக நடுங்கும். வாரம் ஒருமுறை கடைக்குத் தனியாகப் போய் வருவது அவருக்குப் பெரிய விஷயம், நாங்களும் தடுக்க மாட்டோம். ஒருநாள் வெறும் கையோடு திரும்பி வந்தார்.

விசாரித்தால், கவுன்ட்டர் எல்லாம் மூடியிருந்ததாம், நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரம்தான் ஓடியதாம். அந்த இயந்திரம் பொருளை ஸ்கேன் செய்ததும், பையில் வைக்கும் இடத்தில் அதே எடை ஏறுகிறதா என்று பார்க்கும். அம்மா தன் கைப்பையைத் தெரியாமல் அதன் மேல் வைத்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்தார், மறுபடியும் சத்தம். எட்டு இயந்திரத்துக்கு ஒரு பெண், அவரும் வேறு யாருக்கோ ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்களாம். எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். "நான் எதையோ எடுத்துட்டுப் போற மாதிரி எல்லாரும் பாத்தாங்கடா" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னால் தாங்க முடியாதது.

அதன் பிறகு அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை. இப்போது நான் போனில் ஆர்டர் போட்டு வாசலில் இறக்கச் சொல்கிறேன். பொருள் வருகிறது. அம்மா வெளியே போவது நின்றுவிட்டது.

வேறு மாதிரியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள பூத்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம், 2023-இல் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த இயந்திரங்களை எடுத்துவிட்டு ஆட்களையே உட்கார வைக்கப்போவதாகச் சொன்னது. நெதர்லாந்தில் யம்போ என்ற நிறுவனம் 2019-இல் பேச்சுக் கவுன்ட்டர் என்றே ஒன்றைத் தொடங்கியது. அவசரம் இல்லாதவர்கள் அங்கே நிதானமாகப் பேசியபடி பில் போட்டுக்கொள்ளலாம். முதியவர்களின் தனிமையை நினைத்துத் தொடங்கியது அது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நிஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டார்.

* * *

எல்லோரும் பழைய காலத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். மன்னிக்கவும்.

எனக்குக் காது சரியாகக் கேட்காது. கடையில் ஆள் இருந்த காலத்தில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். "என்ன?" என்று இரண்டாவது முறை கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்துவிட்டு, "அது விலை அதிகம்" என்று கேட்காமலே சொன்னவர்கள் உண்டு. கமிஷனுக்காக வேண்டாத பொருளைத் தலையில் கட்டியவர்களும் உண்டு. இயந்திரம் என்னிடம் முகம் சுளிப்பதில்லை.

1916-இல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற மளிகைக் கடை திறந்தது. அதுவரை மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற ஆளிடம் கேட்டுத்தான் எதையும் வாங்க முடியும். அந்தக் கடையில் வாடிக்கையாளரே கூடையை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடந்தார். என்னைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். யாரிடமும் கேட்க வேண்டாம், யார் கண்ணுக்கும் கட்டுப்பட வேண்டாம்.

ஆனால் மேலே எழுதிய நண்பரின் அம்மாவுக்கு நடந்ததைப் படித்தபோது ஒன்று தோன்றியது. எனக்கு இயந்திரம் வேண்டும், அவருக்கு மனிதர் வேண்டும். ஒரே கடையில் இரண்டையும் வைக்கலாமே. ஒன்றைக் கொடுத்ததும் இன்னொன்றை ஏன் பிடுங்க வேண்டும்? அங்கேதான் எனக்கும் கோபம் வருகிறது.

* * *

சின்ன அனுபவம். வாங்கிய அயர்ன் பாக்ஸ் மூன்றாம் நாள் சூடாகவில்லை. வாங்கின கடைக்கே எடுத்துப் போனேன். "கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுங்க, நாங்க இங்க மாத்த முடியாது" என்றார்கள். அவர்கள் கவுன்ட்டரில் நின்றபடியே போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டபின் எடுத்தவர், "அருகில் உள்ள எங்கள் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்" என்றார். போனைக் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடமே கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள், இரண்டு பேருக்கும் அதிகாரம் இல்லை. அந்தப் பெண் என்னை விட அதிகமாகச் சங்கடப்பட்டார்.

* * *

எல்லோருக்கும் நன்றி, தொடங்கிவைத்தவன் மறுபடி எழுதுகிறேன். பதினோரு வருடம் வேலை பார்த்த அம்மா எழுதியதை மூன்று முறை படித்தேன். அதன் பிறகு நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

சர்க்யூட் சிட்டி என்று அமெரிக்காவில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனம் இருந்தது. 2007 மார்ச்சில் சுமார் 3,400 ஊழியர்களை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பினார்கள். காரணம், அவர்களுடைய சம்பளம் கூடுதல். அந்த இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் வேறு ஆட்கள். 2008 நவம்பரில் திவால் மனு, 2009-இல் எல்லாக் கடையும் மூடப்பட்டது. பொருளாதார நெருக்கடியும் சேர்ந்த காலம் அது, எல்லாப் பழியையும் இதன் மேல் போட முடியாது. ஆனால் டி.வி.யைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஆளை அனுப்பிவிட்ட பிறகு, ஜனங்கள் அந்தக் கடைக்குள் நுழைய என்ன காரணம் மிச்சம் இருந்தது?

அவர்களுக்குப் போட்டியாக இருந்த பெஸ்ட் பை நிறுவனமும் 2012-இல் மோசமான நிலையில்தான் இருந்தது. ஜனங்கள் அங்கே வந்து பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாகத் தலைமைக்கு வந்த ஹூபர்ட் ஜோலி, முதல் வாரத்தில் 'பயிற்சியில் இருப்பவர்' என்ற அட்டையை மாட்டிக்கொண்டு ஒரு கடையில் போய் நின்றார். ஆன்லைன் விலைக்கே கடையிலும் கொடுக்க ஆரம்பித்தார்கள், ஊழியர்களிடமிருந்து முன்பு பறித்த தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்தார்கள், பயிற்சிக்குச் செலவழித்தார்கள். அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது. நாளைக்கு எந்தக் கடை நிற்கும் என்று என்னைக் கேட்டால், திருகைக் கையில் வாங்கிப் பார்க்கிற ஆள் இருக்கும் கடை என்றுதான் சொல்வேன். வெறும் பெட்டியை எடுத்துக் கொடுப்பதற்கு வாசலில் இறக்குகிறவர்களே போதும்.

போன வாரம் அதே கடைக்கு மறுபடியும் போனேன். அந்தப் பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "சார், அந்தப் பாக்கெட் கிடைச்சுது, குடோன்ல பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி இருந்துச்சு" என்று ஓடிப்போய் எடுத்து வந்தான். யாரும் சொல்லாமல், தன் ஷிஃப்ட் முடிந்த பிறகு தேடியிருக்கிறான். சட்டைப் பையில் இருந்த பழைய திருகை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இந்த முறை கையில் வாங்கினான்.

"இதுல நீளம் நிறைய இருக்கு சார், எது போடணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"ட்ரில் போட்டா வர்ற தூளைப் பாரு தம்பி. சிவப்பா வந்தா செங்கல், சாம்பல் நிறத்துல வந்தா கான்கிரீட்" என்றேன்.

அவன் விலைச்சீட்டு எழுதும் பேனாவை எடுத்து உள்ளங்கையில் அதைக் குறித்துக்கொண்டான்.