தமிழில் கதைக்கக்கூடிய உளவள ஆலோசகர் யாராவது தெரியுமா?

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பெயரைப் போடாமல் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம்.

என் தம்பிக்கு 20 வயது. போன மாதம் மொட்டை மாடியில் உடுப்புக் காயப் போடும்போது, "அக்கா, எனக்குப் பெடியன்களில்தான் விருப்பம் வருது" என்றான். பதின்மூன்று வயதிலிருந்தே தெரியுமாம். ஏழு வருடம் ஒரே அறையில் படுத்த எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கும் சொல்லிவிட்டான். அவர் ஒரு ஆலோசகரிடம் கூட்டிப்போனார். அந்த மனிதர், "கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். 1990இலேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இவருக்கு இன்னும் செய்தி வரவில்லைப்போல.

விவியன் காஸ் என்ற உளவியலாளர் 1979இல் இந்த அடையாள வளர்ச்சியை ஆறு படிகளாகப் பிரித்தார், குழப்பத்தில் தொடங்கி ஏற்பில் வளர்ந்து போகும். தம்பி பாதி தாண்டிவிட்டான். அம்மாதான் முதல் படியில் நிற்கிறார். அவருக்கு மதம், சொந்தக்காரர் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் பொலிஸ். தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளை யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதைக் குற்றமில்லாமல் ஆக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னதை நான் சொன்னாலும் நம்பமாட்டார்.

கேட்பது இரண்டுதான். தெஹிவளைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில், மாற்றப் பார்க்காத, தமிழில் கதைக்கக்கூடிய ஆலோசகர் யாராவது? அப்புறம், இதே நிலையைக் கடந்த ஒரு அம்மா என் அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைப்பாரா? அவர் தேத்தண்ணி போட்டுத் தருவார், அதில் மட்டும் பிரச்சினை இல்லை.

உட்பெட்டியில் எழுதுங்கள்.