மேலே போய்விட்ட கருவியை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி (பாயான் லெப்பாஸ்):
ஆலையில் வெப்பமானி சரிபார்ப்பது என் வேலை. ஐஸ் தண்ணீரில் ஒரு தடவை, கொதிநீரில் ஒரு தடவை முக்கினால் முடிந்தது. மழை அளக்கும் மைக்ரோவேவ் கருவி 400 கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகிறதே, அதை யார் போய் முக்குவது?

பதில் (பட்டர்வொர்த்):
அண்ணே, ஐஸும் கொதிநீரும் கூடவே போகின்றன. 2014-இல் ஏவிய ஜி.பி.எம். என்ற மழை அளக்கும் செயற்கைக்கோளில் உள்ள ஜி.எம்.ஐ. கருவி நிமிடத்துக்கு 32 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் வெப்பம் தெரிந்த ஒரு கறுப்புப் பொருளை ஒரு முறை பார்க்கும். அப்புறம் சின்ன எதிரொளிப்பான் வழியாக வெறும் விண்வெளியை. அது சுமார் 2.7 கெல்வின். இரண்டு புள்ளி கிடைத்தால், கருவி காட்டும் அளவையும் வெப்பத்தையும் இணைத்து ஒரு கோடு போட்டுவிடலாமே.

இன்னொரு பதில் (கோலாலம்பூர்):
கோடு நேராக இருந்தால் சரி! பழைய கருவிகள் சிலவற்றில் சூடான பொருளின்மேல் வெயில் புகுந்துவிட்டது. மேற்பரப்பு சூடேறும், உள்ளே பதித்த உணரியோ பழைய வெப்பத்தையே சொல்லும். 2003-இல் அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோளில் போன எஸ்.எஸ்.எம்.ஐ.எஸ். என்ற மைக்ரோவேவ் கருவி இப்படித்தான் மாட்டியது. அதனால்தான் ஜி.எம்.ஐ.யில் வெயில் மறைப்பு. குறைந்த அதிர்வெண் அலைவரிசைகளுக்கு நாய்ஸ் டையோடும் உண்டு; அது கருவிக்குள் வரும் சமிக்ஞையோடு தெரிந்த அளவு இரைச்சலைச் சேர்க்கும் சின்ன மின் உறுப்பு. அதைப் போட்டுப் போட்டு அணைத்தால் இரண்டு புள்ளி நான்காகும், கோட்டின் வளைவும் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
அட, எங்கள் கொதிநீர்த் தொட்டிக்கு நேர் மேலே ஏர்கான் வாய்! உணரி அடியில் கிடக்கிறது. நாளைக்கே தொட்டியை நகர்த்துகிறேன்.